எல்லா வயரையும் கழற்றியும் போகாத எர்த் ஃபால்ட்

பிப்ரவரி 11, மாலை 6.20 – வந்த கேள்வி

அண்ணே, நான் பார்த்துக்கொள்கிற கட்டடத்தில் ஃபயர் அலாரம் பேனலில் மூன்று வாரமாக எர்த் ஃபால்ட், அதாவது ஏதோ ஒரு வயர் எர்த்தைத் தொட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை. மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. அட்ரசபிள் பேனல் (ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண்), 2 லூப் (டிடெக்டர்களைக் கோத்துப் போகிற வயர்), 4 ஹூட்டர் லைன் (அலாரச் சத்தம் போடுகிறவற்றுக்கு). ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தேன். கடைசியில் எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றிவிட்டேன், அப்போதும் ஃபால்ட் போகவில்லை. அதனால் போர்டுதான் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். டிடெக்டர், ஹூட்டர் எல்லாம் டெஸ்டில் ஒழுங்காக வேலை செய்கின்றன. போர்டில் எர்த் ஃபால்ட் ஜம்பர் (அந்தக் கண்காணிப்பை இணைக்கிற சின்னத் துண்டு) ஒன்று இருக்கிறது, எடுத்தால் விளக்கு அணைந்துவிடும் என்கிறார்கள். புது போர்டு வரும்வரை எடுத்து வைக்கலாமா?

பிப்ரவரி 11, இரவு 9.10

எடுக்காதே தம்பி. ஜம்பரை எடுத்தால் அணையப்போவது விளக்கு மட்டும்தான். எந்த வயர் எந்த இரும்பைத் தொட்டதோ அது தொட்டபடியே இருக்கும்.

டெஸ்டில் வேலை செய்கிறது என்கிறாய். செய்யத்தான் செய்யும். பேனலின் 24 வோல்ட் சப்ளை எர்த்தோடு நேராகக் கட்டப்பட்டதில்லை, மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு வயர் ஓரிடத்தில் எர்த்தைத் தொட்டால் கரண்ட் சுற்றித் திரும்ப வழியில்லை, அதனால் ஒன்றும் ஆகாது. அந்த முதல் தவறைத் தாங்கிக்கொண்டு உன்னிடம் சொல்வதற்குத்தான் அந்த மஞ்சள் விளக்கு. இரண்டாவது வயர் இன்னொரு இடத்தில் எர்த்தைத் தொடுகிற அன்றைக்குக் கதை மாறிவிடும். வயர் போகிற இரும்புக் குழாயான கண்டூட்டே ஒரு வயராகி இரண்டையும் சேர்த்துவிடும். டிடெக்டருக்குத் தனி எண் இல்லாத பழைய கன்வென்ஷனல் ஜோனில் இப்படி ஆனால் புகையே இல்லாமல் அலாரம் அடிக்கலாம். ஹூட்டர் லைனில் ஆனால் அந்த லைன் ஊமை.

நான் நேரில் பார்த்தது ஒன்று. ஒரு கட்டடத்தில் வருடாந்திர டெஸ்ட். அலாரம் போட்டதும் மூன்று மாடியில் ஹூட்டர் அலறியது. நான்காவது மாடிக்கு ஏறினேன். கீழே இருந்து படிக்கட்டு வழியாக வருகிற சத்தம் மட்டும் கேட்கிறது, அந்த மாடியின் ஒரு ஹூட்டர்கூட வாய் திறக்கவில்லை. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனலைத் திறந்தால் எர்த் ஃபால்ட் ஜம்பரைக் காணோம். யாரோ எப்போதோ எடுத்திருக்கிறார்கள். அந்த மாடியில் அன்று நின்றது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிப்ரவரி 12, காலை 7.30

இனிமேல் வயரைக் கழற்றும் முன் மீட்டரை எடு.

டிசி வோல்டில் வைத்து பாட்டரி பாசிட்டிவுக்கும் கேபினெட் எர்த்துக்கும் ஒரு ரீடிங். நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் ஒரு ரீடிங். இரண்டையும் கூட்டினால் பாட்டரி வோல்டேஜ் வர வேண்டும். சார்ஜர் ஓடும்போது அது 27 பக்கம் நிற்கும். கூட்டல் சரியாக வரவில்லை என்றால் நீ முனையை வைத்திருப்பது பெயின்டின் மேல். எர்த் போல்ட்டில் வை.

பாசிட்டிவ்–எர்த் 0 பக்கம் வந்தால் எர்த்தைத் தொட்டிருப்பது பாசிட்டிவ். நெகட்டிவ்–எர்த் 0 என்றால் நெகட்டிவ். இந்த ஒரு நிமிட வேலை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாக்கிவிடும். இதைச் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரோடு இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுகிற மாதிரி.

நல்ல பேனலில் இரண்டும் சரிபாதியாக நிற்கும் என்று எதிர்பார்க்காதே. உள்ளே எர்த்தைப் பார்க்கிற ரெசிஸ்டர்களைப் பொறுத்து மாடலுக்கு மாடல் மாறும்.

பிப்ரவரி 12, மதியம் 1.15

இன்னொன்று. ஒவ்வொரு வயரையும் கழற்றிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாய்? பேனல் எர்த்தை நொடிக்கு நொடி பார்ப்பதில்லை. அமெரிக்காவின் ஃபயர் அலார விதிநூலான என்.எஃப்.பி.ஏ 72, கோளாறு நேர்ந்து 200 வினாடிக்குள் பேனல் காட்டினால் போதும் என்கிறது. மூன்று நிமிடத்துக்கும் மேல். ஃபால்ட் விலகிய பிறகு விளக்கு அணையவும் பேனலுக்கு நேரம் பிடிக்கும். பத்து எண்ணிவிட்டு ‘இது இல்லை’ என்று வயரைத் திரும்ப மாட்டினால், குற்றவாளியையே நல்லவன் என்று அனுப்பிவிடுவாய். மீட்டர் உடனே காட்டும், அதனால் கண் மீட்டரில் இருக்கட்டும்.

ஒன்றைக் கழற்றி, பார்த்து, திரும்ப மாட்டி அடுத்ததற்குப் போகிற முறையும் சரியில்லை. இரண்டு இடத்தில் ஃபால்ட் இருந்தால் அந்த முறையில் எதுவுமே பிடிபடாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வா.

பிப்ரவரி 12, இரவு 10.40

நீ அனுப்பிய ரீடிங் பார்த்தேன். பாசிட்டிவ்–எர்த் 26.7, நெகட்டிவ்–எர்த் 0.4. அப்பட்டமான நெகட்டிவ் ஃபால்ட், அதுவும் எல்லா வயரும் கழன்ற நிலையில். இப்படிப் பார்த்தால் யாருக்கும் போர்டு மேல்தான் சந்தேகம் போகும்.

ஆனால் உன் படத்தில் கேபினெட்டின் கீழ் ஓரம் ஒரு கேபிள் வெளியே போகிறதே, அது என்ன? ஹிஸ்டரி (பேனலின் பழைய பதிவுகள்) எடுக்க லேப்டாப் சொருகினேன், அப்படியே விட்டுவிட்டேன் என்று நீ சொன்னது அதுதானா? சார்ஜர் மூன்று பின்னா? ஆமாம் என்றால் உடனே பிடுங்கிவிட்டு ரீடிங் எடு. சீரியல் போர்ட்டின் கிரவுண்ட் பெரும்பாலும் பேனலின் நெகட்டிவ். லேப்டாப்பின் கிரவுண்ட் சார்ஜர் வழியாக மெயின்ஸ் எர்த்துக்குப் போகும். நீயே ஒரு நெகட்டிவ் ஃபால்ட்டைக் கட்டி வைத்திருக்கிறாய். பிரின்டர், வேறு பேனலோடு போகிற நெட்வொர்க் கேபிள் எல்லாமே இதே வேலையைச் செய்யும். ‘எல்லா வயரையும் கழற்றினேன்’ என்று சொல்லும்போது ஃபீல்டு வயரைத்தான் எண்ணுகிறோம். பாட்டரியைக்கூட எண்ணுவதில்லை. ஒழுகின பாட்டரியின் ஆசிட் கேபினெட் தகரத்தைத் தொட்டாலும் இதே விளக்குதான் எரியும்.

பிப்ரவரி 13, மாலை 5.50

போர்டு நன்றாக இருக்கிறது! ஆர்டரை நிறுத்து.

லேப்டாப்பைப் பிடுங்கினதும் விளக்கு அணைந்தது, ஒவ்வொன்றாக மாட்டினபோது லூப் 2 சேர்ந்ததும் திரும்ப வந்தது என்கிறாய். ஆக முதலிலேயே ஒரு ஃபால்ட் இருந்திருக்கிறது, அது என்னவென்று பார்க்க நீ லேப்டாப்பைக் கொண்டுவந்தாய், லேப்டாப் இரண்டாவதைச் சேர்த்தது. 11ஆம் தேதி நான் எழுதிய ‘இரண்டாவது வயர்’ உன் பேனலில் மூன்று வாரமாக இருந்திருக்கிறது. அந்த முதல் ஃபால்ட் அரைகுறைத் தொடுதலாக இருந்ததால்தான் லூப் படுத்துவிடவில்லை.

இப்போதைய ரீடிங் இன்னும் அழகு. நெகட்டிவ்–எர்த் 17க்கும் 19க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கிறது என்கிறாய். நேற்று நான் 0 வரும் என்று எழுதினது பாட்டரி சப்ளையோடு நேராகச் சேர்ந்த வயருக்கு. லூப்பின் வோல்டேஜ் வேறு, அதன் மேல் பேனலும் டிடெக்டர்களும் பேசிக்கொள்கிற பல்ஸ்கள் ஓடுகின்றன. எர்த்தைத் தொட்டிருப்பது லூப்பின் பாசிட்டிவ் என்றால் அந்தப் பேச்சு மீட்டரில் தெரியும். எண் நடனமாடினால் லூப்பைத் தேடு, ஆணி அடித்தது போல நின்றால் 24 வோல்ட் ஆக்சிலரியையோ (வெளிச் சாதனங்களுக்குப் பேனல் கொடுக்கிற சப்ளை) ஹூட்டரையோ தேடு. எல்லா மாடலுக்கும் இது அப்படியே பொருந்தாது, ஆனால் முதல் துப்பாக நல்ல துப்பு.

பிப்ரவரி 14, காலை 8.00

லூப் 2இல் 94 டிவைஸ். டிடெக்டர் உட்கார்கிற பேஸை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாமா என்று கேட்கிறாய். வேண்டாம், பாதி பாதியாக வெட்டு. 94ஐ ஏழு தடவை பாதியாக்கினால் ஒன்றில் வந்து நின்றுவிடும்.

உன்னுடையது போய்த் திரும்பி வருகிற லூப். அதனால் பேனலில் திரும்பி வரும் ஜோடியை முதலில் கழற்று. இல்லாவிட்டால் நடுவில் எங்கே பிரித்தாலும் ஃபால்ட் மறுமுனை வழியாக வந்து சேரும். பிறகு 47ஆவது டிவைஸில் பிரி. பேனலோடு இருப்பது முதல் பாதி மட்டும். மீட்டர் ஆடுவது நின்றால் குற்றம் பின்பாதியில்.

பிரிக்கும்போது இரண்டு வயரையும் கழற்று. ஒன்றை மட்டும் கழற்றினால், மற்றதும் டிடெக்டர்களுக்குள் இருக்கிற எலக்ட்ரானிக்ஸும் வழியாக ஃபால்ட் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

ஐசோலேட்டர் இருக்கிறதே, அதுவே பிரித்துக் காட்டாதா என்று கேட்டிருந்தாய். ஐசோலேட்டர் லூப்பைத் துண்டித்துத் திறப்பது, இரண்டு வயர் ஒன்றையொன்று தொடுகிற ஷார்ட்டுக்கு. ஒற்றை வயர் எர்த்தைத் தொட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. சில மாடல்கள் ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும், மற்றது நேராகப் போகும். அதை நம்பி பாதியைத் தள்ளிவிடாதே.

வேலைக்கு முன் கட்டடத்துக்காரர்களிடம் சொல்லிவிடு. லூப்பைப் பிரித்த பகுதியில் டிடெக்டர் எதுவும் பார்க்காது, ஆகவே ஒரு ஆள் அங்கே நடந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிக்னல் வெளியே எங்காவது போகிறது என்றால் அங்கேயும் சொல்லிவிடு.

பிப்ரவரி 14, இரவு 11.20

47இல் பிரித்ததும் நின்றது, திரும்பச் சேர்த்து 70இல் பிரித்தபோதும் நின்றது. அதாவது 70க்குப் பிறகு. ஆனால் 82க்குப் போவதற்குள் ஃபால்ட் தானாகவே காணாமல் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். வெயில் ஏறியதும் போயிற்றா? அப்படியானால் ஈரம்.

இன்று இரவு 70க்குப் பின்னால் இருப்பதைக் கழற்றியே வைத்துவிட்டு, காலையில் சேர்த்துப் பார்.

பிப்ரவரி 15, காலை 5.30

நேற்று இரவு எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். படுத்த பிறகுதான் உறைத்தது. இரவில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் 24 டிவைஸைக் குருடாக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கண்டுபிடிக்கிற அவசரத்தில் ஒருபோதும் அப்படிச் செய்யாதே. கழற்றியிருந்தால் இப்போதே போய்ச் சேர்த்துவிடு.

அதற்குப் பதில், எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் மீட்டரில் மின்–மேக்ஸ் (மிகக் குறைந்த, மிக அதிக ரீடிங்கைப் பிடித்து வைக்கிற வசதி) போட்டு நெகட்டிவ்–எர்த்தில் கட்டிவை. எவ்வளவு தூரம் ஆடிற்று என்று அது பிடித்து வைத்துக்கொள்ளும், எத்தனை மணிக்கு வந்தது என்பதைப் பேனல் ஹிஸ்டரி சொல்லும். வருகிற நேரம்தான் விலாசம். விடியற்காலையில் வந்தால் பனி ஈரம், மழைக்குப் பிறகு வந்தால் வெளிச்சுவரும் மொட்டை மாடியும். லிஃப்ட் ஓடும்போது வந்துபோனால் அதிர்வில் உரசுகிற வயர். பேனல் கதவைத் திறந்து மூடும்போது வந்தால் கதவுக் கீலில் நசுங்கிய வயர், அதையும் நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 16, மாலை 7.15

ஓம்ஸில் வைத்துப் பார்த்தபோது மீட்டர் 8 கிலோ ஓம் காட்டியது, முனைகளை மாற்றிப் பிடித்தால் 31 கிலோ ஓம், மீட்டர் பழுதா என்று கேட்டிருக்கிறாய். (வயரைப் பேனலிலிருந்து கழற்றிவிட்டுத்தானே பார்த்தாய்? வோல்டேஜ் இருக்கும்போது ஓம்ஸ் காட்டுகிற எதற்கும் அர்த்தமில்லை.)

மீட்டர் பழுதில்லை. செம்பு, இரும்பு, நடுவில் ஈரம். அது ஒரு குட்டி பாட்டரி ஆகிவிட்டது. அதன் வோல்டேஜ் மீட்டரின் சொந்த வோல்டேஜோடு ஒரு பக்கம் கூடுகிறது, மறுபக்கம் கழிகிறது. வெறும் வயர் இரும்பைத் தொட்டிருந்தால் எப்படிப் பிடித்தாலும் ஒரே எண்தான் வரும். முனையை மாற்றினால் எண் மாறுகிறதென்றால் அங்கே தண்ணீர் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஓம்ஸில் மீட்டர் கொடுப்பது மிகச் சிறிய வோல்டேஜ். இன்சுலேஷன் பாதி கீறியிருக்கிற இடமும் அதற்கு நல்ல இடமாகவே தெரியும், 24 வோல்ட் ஏறினால்தான் கசியும். மீட்டர் ‘திறந்திருக்கிறது’ என்று காட்டியதால் வயர் நல்லது என்று முடிவு கட்டாதே. அதற்கு அதிக வோல்டேஜ் ஏற்றி இன்சுலேஷனைச் சோதிக்கிற மெக்கர் வேண்டும்.

பிப்ரவரி 16, மாலை 7.40

மெக்கர் என்றதும் ஓடிப்போய் எடுத்துவிடாதே! தொழிலுக்கு வந்த புதிதில் பேஸ்களில் டிடெக்டர் இருக்கும்போதே 500 வோல்ட் மெக்கரைச் சுற்றினேன். 11 டிடெக்டர் அன்றைக்கே செத்தது. பேனல் கழன்றிருக்கிறதே என்று நினைத்தேன், டிவைஸ்களை நினைக்கவில்லை. டிடெக்டர், மாட்யூல், கால் பாயிண்ட் (கையால் அழுத்தி அலாரம் கொடுக்கிற பெட்டி), ஹூட்டர், லைன் கடைசியில் இருக்கிற ரெசிஸ்டர் எல்லாவற்றையும் விலக்கி, வெறும் வயர் மட்டும் மிஞ்சிய பிறகுதான் மெக்கர். முடித்ததும் வயரை எர்த்தில் தொட்டு டிஸ்சார்ஜ் செய். நீண்ட கேபிள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும்.

பிப்ரவரி 19, இரவு 9.00

உன்னிடமிருந்து சத்தமில்லை. அதற்குள் நான்காவது மாடிக் கதையில் விட்டுப்போனதை எழுதிவிடுகிறேன். ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: ஹூட்டர் லைனில் ஷார்ட் இருந்தால் அலாரம் வருவதற்கு முன்னாலேயே பேனல் காட்டியிருக்குமே, டெஸ்ட் வரை எப்படி மறைந்திருந்தது என்று. சரியான கேள்வி.

ஹூட்டர் லைன் சும்மா இருக்கும்போது தலைகீழ் போலாரிட்டியில் இருக்கும். கடைசி ரெசிஸ்டர் வழியாகச் சிறிய கண்காணிப்புக் கரண்ட் மட்டும் ஓடும், ஹூட்டருக்குள் இருக்கும் டயோடு அதைத் தடுத்துவிடும். அலாரம் வந்தால்தான் போலாரிட்டி திரும்பும். அந்தக் கட்டடத்தில் ஆக்சிலரி 24 வோல்ட்டின் நெகட்டிவ் ஓரிடத்தில் எர்த்தைத் தொட்டிருந்தது. நான்காவது மாடி ஹூட்டர் லைனின் ஒரு வயர் வேறிடத்தில் எர்த்தைத் தொட்டிருந்தது, அலாரத்தில் பாசிட்டிவ் ஆகிற வயர். சாதாரண நாளில் அந்த வயரும் நெகட்டிவ் பக்கம்தான், ஆகவே இரண்டும் எர்த் வழியாகக் கைகோத்துக்கொண்டாலும் பேனலுக்கு வித்தியாசம் தெரியாது. அலாரம் வந்து போலாரிட்டி திரும்பிய அந்த நொடியில் அது 24 வோல்ட் நேர் ஷார்ட். லைன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டது. இதைப் பிடித்துக் கொடுத்திருக்கக்கூடிய ஒரே ஒன்று எர்த் ஃபால்ட் விளக்கு. அதன் ஜம்பரைத்தான் எடுத்திருந்தார்கள்.

ஹூட்டர் லைனின் தொடுதல் எங்கே இருந்தது தெரியுமா? பாக்ஸுக்குள் வயரைச் சுருட்டித் திணித்து, மூடியை வைத்து ஸ்க்ரூவை முடுக்கியிருக்கிறார்கள். ஸ்க்ரூ நுனி சிவப்பு வயரின் விலாவில் ஏறியிருந்தது. இன்சுலேஷனில் ஒரு எள் அளவு செம்பு மின்னியது, அவ்வளவுதான். வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபோது பளிச்சென்றது. அதிலிருந்து பாக்ஸைத் திறந்ததும் வயரை இழுக்காமல் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். இழுத்தால் தொடுதல் விலகி, தடயமும் போய்விடும்.

பிப்ரவரி 22, காலை 10.05

மின்–மேக்ஸ் கட்டிய மூன்றாவது விடியலில், 5.40க்கு வந்ததைப் பார்த்துவிட்டாய். மகிழ்ச்சி! ஆடிக்கொண்டிருக்கும்போதே 70க்கும் 82க்கும் நடுவில் இரண்டு தடவை வெட்டி 76க்கு வந்து சேர்ந்திருக்கிறாய்.

76ஆவது வெளிச்சுவரில் இருக்கிற கால் பாயிண்ட். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்டூட் பாக்ஸின் தலையில் இறங்குகிறது. நுழைகிற துளையை அடைக்கிற கிளாண்ட்டின் ரப்பர் விறைத்து வெடித்திருக்கிறது. கண்டூட்டுக்குள் வேர்த்த தண்ணீர் வயர் வழியாகவே இறங்கி, பாசிட்டிவ் டெர்மினலில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. களிம்பு ஸ்க்ரூவிலிருந்து பின்தகடு வரை ஒரு கோடாக வழிந்திருக்கிறதே, அந்தக் கோடுதான் உன் 8 கிலோ ஓம்.

துடைத்துவிட்டு மூடாதே, களிம்பு இருக்கும்வரை திரும்ப ஈரத்தை உறிஞ்சும். கால் பாயிண்ட்டையும் பாக்ஸையும் மாற்று. செம்பு பச்சையான இடம் வரை வயரை வெட்டி நல்ல செம்பைக் காட்டு. கண்டூட் பாக்ஸுக்குக் கீழிருந்து நுழையட்டும். பக்கவாட்டில்தான் வழி என்றால் நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விட்டு ஏற்று, தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

பிப்ரவரி 25, மாலை 6.30

மாற்றின பிறகு பாசிட்டிவ்–எர்த் 14.0, நெகட்டிவ்–எர்த் 13.1, ஆடவில்லை. அருமை. இரண்டு நாள் விடியற்காலையும் பார்த்துவிட்டாய், போதும்.

அந்த இரண்டு எண்ணையும் தேதி போட்டு மார்க்கரில் பேனல் கதவின் உள்பக்கம் எழுதிவிடு. இது உன் பேனலின் ஆரோக்கியமான நாடி. அடுத்த முறை யார் வந்தாலும் ஒப்பிட ஒரு எண் இருக்கும். இதுவரை நான் போன எந்தப் பேனலிலும் முன்பே எழுதி வைத்திருந்ததில்லை, எழுதினது எல்லாம் நானாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 27, இரவு 8.45

ஹூட்டருக்குக் கூடுதல் கரண்ட் கொடுக்கிற பூஸ்டர் சப்ளை சேர்க்கப் போகிறாய் என்றாய். அதன் நெகட்டிவையும் பேனல் நெகட்டிவையும் ஒன்றாகக் கட்டினால், இரண்டு சப்ளையிலும் இருக்கிற எர்த் கண்காணிப்பு ஒன்றையொன்று ஃபால்ட் என்று நினைக்கும். வயர் எங்கும் தொடாமலேயே மஞ்சள் விளக்கு எரியும். அந்த மாதிரி இணைப்பில் பூஸ்டரின் எர்த் ஃபால்ட் ஜம்பரை எடுக்கச் சொல்லி அதன் மேனுவலிலேயே இருக்கும். பேனலுடையது அப்படியே இருந்து இரண்டுக்கும் சேர்த்துப் பார்க்கும். 11ஆம் தேதி ‘எடுக்காதே’ என்றவன் இன்று எடுக்கச் சொல்கிறேனே என்று நினைக்காதே. அங்கே காவலே இல்லாமல் போயிருக்கும், இங்கே இரண்டு காவலாளி மோதிக்கொள்ளாமல் ஒருவர் நிற்கிறார். எடுத்த பிறகு பூஸ்டரின் ஹூட்டர் வயர் ஒன்றை வேண்டுமென்றே எர்த்தில் தொட்டுப் பார், பேனலில் விளக்கு வந்தால்தான் வேலை முடிந்தது. 200 வினாடி காத்திரு.

மார்ச் 1, காலை 9.20

அதே வெளிச்சுவரில் இதே மாதிரி தலையில் கண்டூட் இறங்குகிற கால் பாயிண்ட் இன்னும் மூன்று இருப்பதாகச் சொன்னாயே, நீயாகவே போய்த் திறந்து பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு காய்ந்து கிடக்கிறது. மூன்றாவதில் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர், டெர்மினலில் களிம்பு இன்னும் இல்லை, ஃபால்ட்டும் இல்லை. அதை இந்த வாரமே மாற்று. மற்ற இரண்டுக்கும் கிளாண்ட் மட்டும் புதிதாகப் போட்டு, அடுத்த மழைக்குப் பிறகு ஒருமுறை திறந்து பார்த்து எழுது.